முதல் ஒரு மணி நேரத் தண்ணீர்

ஏரி நிறைந்துவிட்டது என்ற செய்தி வந்த அன்று நகரத்தில் சிரிக்காதவன் ஒருவன்தான். குடிநீர்த் துறையில் அவனுக்கு முக்கால் என்று பெயர். கேலிக்காக வைத்த பெயர். மற்ற வால்வுக்காரர்கள் இரும்புச் சாவியைப் பள்ளத்தில் இறக்கி, மளமளவென்று திருகித் திறந்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். இவன் முக்கால் சுற்று திருப்புவான், நிறுத்துவான், நூறு வரை எண்ணுவான். மறுபடி முக்கால் சுற்று. "கல்யாணப் பொண்ணு நடந்து வர்ற மாதிரில்ல திறக்கிறான்" என்று சிரிப்பார்கள். வெறும் குழாயில் தண்ணீர் பாய்ந்தால் உள்ளே இருக்கும் காற்று எங்கே போகும்? குழாயைத்தான் உடைக்கும். அவன் பொறுப்பில் பதினாறு தெருக்கள். இருபத்திரண்டு வருடத்தில் அந்தப் பதினாறில் ஒரு குழாய்கூடத் திறக்கும்போது வெடித்ததில்லை. துறையில் யாரும் இதை எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்க வேண்டிய விஷயம்தான்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். ஆனால் அவனுடைய நோட்டைப் பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள். எந்த வால்வுக்கு எத்தனை சுற்று, என்றைக்குத் திறந்தது, என்றைக்கு மூடியது, வால்வின் இரும்பு மூடி எந்தச் சுவரிலிருந்து எத்தனை அடி, எல்லாம் மணி மணியான எழுத்தில் இருக்கும். இன்ஜினியர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். வருகிற புது இன்ஜினியர் முதல் வாரம் வரைபடத்தைப் பார்ப்பார், இரண்டாம் வாரம் முக்காலைத் தேடுவார்.

பஞ்சம் மூன்று வருடம் இருந்தது. நான்கு நாளைக்கு ஒரு முறை, ஒரு மணி நேரம் தண்ணீர். ரப்பர் குழாய் பிடிக்கக் கூடாது, வண்டி கழுவக் கூடாது, ஒரு சொட்டுத் தண்ணீர் தெருவில் ஓடக் கூடாது. ஓடினால் அந்த வீட்டுக் கதவில் ஒரு வெள்ளைச் சீட்டு. மூன்று சீட்டு சேர்ந்தால் இணைப்பை அடைத்துவிட வேண்டும். சீட்டு ஒட்டுகிற வேலையையும் வால்வுக்காரர்கள் தலையிலேயே கட்டினார்கள். தண்ணீர் விடுகிற கையே தண்ணீரை அடைக்கவும் வேண்டும். முக்கால் இரண்டையும் ஒழுங்காகச் செய்தான். அதனால்தான் கடைசித் தெருவில் தையல்காரம்மாவின் இணைப்பை ஒன்பது நாள் அடைக்க வேண்டி வந்தது. அவள் மிஷினில் உட்கார்ந்தால் உலகம் மறந்துவிடும். டிரம் நிரம்பி வழிந்து மூன்று முறை தெரு முனை வரை போய்விட்டது. மூன்றாவது சீட்டை ஒட்டியபோது அவள் வாய்க்குள் ஊசியை வைத்துக்கொண்டே சொன்னாள்.

"ஒட்டு, நல்லா பசை போட்டு ஒட்டு. நீ செத்தா உன் வாயில ஊத்த ஒரு சொட்டு தர மாட்டேன், பாத்துக்க."

"அதுக்குள்ள மழை பெஞ்சிடும்மா" என்றான் அவன்.

கடைசித் தெருவில் மொத்தம் நாற்பத்தொரு வீடு. குழாய் பாதையின் முடிவில், கொஞ்சம் மேட்டில் இருக்கிற தெரு. கீழ்த்தெருக்கள் எல்லாம் குடித்துவிட்டு மிச்சம் வைப்பதுதான் அங்கே ஏறும். பஞ்சத்தின் முதல் கோடையில் அதுவும் ஏறவில்லை. முக்காலின் அக்கா வீடும் அந்தத் தெருவில்தான். அக்கா மருத்துவமனைச் சலவையறையில் படுக்கை விரிப்பு எண்ணும் வேலை பார்ப்பவள். மாமாவுக்கு அச்சகத்தில் வேலை. இரண்டு பேரும் நாள் முழுக்க வெளியே இருந்துவிட்டு வந்தால் குழாய் காற்றுதான் விடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முக்கால் கடப்பாரையோடு வந்து, அக்கா வீட்டு வாசலில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி வெட்டினான். குழாயைக் குழிக்குள் இறக்கினான். தண்ணீர் மேலே ஏறாவிட்டால் நாம் கீழே இறங்க வேண்டியதுதானே. அன்றைக்கு அக்கா வீட்டில் இரண்டு குடம் கூடுதலாக நிறைந்தது.

மறுநாள் பக்கத்து வீட்டில் ஒரு குழி. அடுத்த வாரம் எதிர்வீட்டில். மழைக்காலம் வருவதற்குள் நாற்பத்தொரு வீட்டு வாசலிலும் நாற்பத்தொரு குழி. துறை விதிப்படி குழிக்கும் சீட்டு ஒட்ட வேண்டும். அவன் ஒட்டவில்லை. முதல் குழியை வெட்டியவன் மற்ற குழிகளுக்கு எந்த முகத்தோடு ஒட்டுவான்?

இப்போது தளர்வு அறிவிப்பு வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலை ஆறு மணி முதல் தினமும் நான்கு மணி நேரம் தண்ணீர். ரப்பர் குழாய் பிடிக்கலாம், வண்டி கழுவலாம். தெருவில் வீணாக ஓடவிடுவது மட்டும் இன்னும் குற்றம்தான். வியாழக்கிழமையோடு தண்ணீர் லாரிகள் எல்லாம் நின்றுவிடும். அதிகம் கஷ்டப்பட்ட தெரு கடைசித் தெரு என்பதால் அங்கேதான் விழா. ஒரு புதுக் குழாயில் ரிப்பன் கட்டி, பெரிய அதிகாரி வந்து திறப்பார்.

புதன்கிழமை மத்தியானம் முக்கால் அந்தத் தெருவைப் பார்க்கப் போனான்.

மூன்று வாரம் பெய்த மழை நாற்பத்தொரு குழியையும் நிரப்பியிருந்தது. பக்கத்திலேயே ஓடுகிற சாக்கடையும் நிரம்பி வழிந்து குழிகளுக்குள் இறங்கியிருந்தது. தண்ணீர் கருத்து, மேலே எண்ணெய்ப் படலம் மின்னியது. அதற்கு அடியில் பித்தளைக் குழாய்கள் மூழ்கிக் கிடந்தன. பாதி வீட்டில் குழாயை மூடக்கூட இல்லை. எப்போது தண்ணீர் வரும் என்று தெரியாததால் திறந்தே வைத்திருப்பது பஞ்சத்தில் வந்த பழக்கம்.

அவன் பையிலிருந்து இரும்புக் கம்பியை எடுத்தான். ஒரு முனையை வால்வின் தலையில் வைத்து மறுமுனையைக் காதில் வைத்தால் குழாய்க்குள் நடப்பது கேட்கும். குழாய் வெறுமையாக இருந்தால் ஒன்றும் கேட்காது. தண்ணீர் ஓடினால் துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். இன்றைக்கு இரண்டும் இல்லை. களக்… களக்… என்று இடைவெளி விட்டு ஒரு சத்தம். தாகமெடுத்தவன் தொண்டையில் தண்ணீர் இறங்குகிற சத்தம்.

அவனுக்குப் புரிய அரை நிமிடம் ஆனது. கீழ்த்தெருக்களில் தண்ணீர் வடியும்போது மேட்டுக் குழாய் உறிஞ்சுகிறது. உறிஞ்ச அதற்குக் கிடைப்பது குழித் தண்ணீர்தான். மூன்று வாரமாகக் கடைசித் தெருக் குழாய் சாக்கடையைக் குடித்துக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு அது குடித்ததை எல்லாம் நாற்பத்தொரு வீட்டிலும் கக்கும்.

இன்ஜினியர் வயதில் சின்னவர், நல்லவர், அந்த வாரம் தூங்காதவர்.

"அண்ணே, நீங்க என்ன கேக்கிறீங்கன்னு தெரிஞ்சுதான் கேக்கிறீங்களா?" என்றார். "தெருக்கோடி வால்வைத் திறந்து ஒரு மணி நேரம் சாக்கடையில விடணுமா? மூணு வருஷம் கழிச்சு முதல் தண்ணி, கேமரா எல்லாம் வருது, நாம அதைக் காவாயில ஊத்திக்கிட்டு நிக்கணுமா?"

"ஊத்தலன்னா ஜனங்க வாயில ஊத்தணும் சார்."

"மருந்து கூடப் போடச் சொல்றேனே."

"போடுங்க சார். ஆனா மருந்து சாக்கடையோட சண்டை போட்டே செத்துப்போகும். வீட்டுக்கு வந்து சேராது. முதல் ஒரு மணி நேரத் தண்ணிய மட்டும் எனக்குக் குடுங்க. அப்புறம் ரிப்பன் என்ன, வாழைமரமே கட்டுங்க."

இன்ஜினியர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அஞ்சு மணிக்கு ஆரம்பிங்க. ஆறுக்கு முடிச்சிடணும். சத்தம் போடாம பண்ணுங்க."

சத்தம் போடாமல் தண்ணீர் விட முடியும் என்று இன்ஜினியருக்கு யார் சொன்னார்களோ.

வெள்ளிக்கிழமை விடிகிற நேரம். முக்கால் தெருமுனையில், தெருவுக்குள் தண்ணீர் விடுகிற மேல்வால்வை முக்கால் முக்காலாகத் திறந்துவிட்டு, தெருக்கோடிக்கு ஓடி அங்கே கழிவு வால்வைத் திறந்தான். முதலில் காற்று சீறியது. பிறகு குழாய் இருமியது. செங்கல் நிறத்தில் ஒரு வாய், கருப்பாக ஒரு வாய். அதன் வாடை அவனை மூக்கைப் பொத்த வைத்தது. பத்து நிமிடத்தில் கருப்பு வெளுத்து, பழுப்பாகி, கண்ணாடி மாதிரி ஆனது. அவன் பயந்தது இதற்குத்தான். கருப்பாக வருகிற வரை யாரும் கிட்டே வர மாட்டார்கள். தெளிந்துவிட்டால்?

முதல் கதவு திறந்தது. பிறகு இரண்டு, மூன்று. மூன்று வருடமாகக் குழாய் இருமினாலே எழுந்து பழகிய காதுகள்.

"ஏய், தண்ணி! காவாயில ஓடுதுடீ!"

குடம் முட்டுகிற சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. முக்கால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே நின்றான். "வேணாம், பிடிக்காதீங்க. இது குழாயைக் கழுவுற தண்ணி. ஒரு மணி நேரம் பொறுங்க, நல்ல தண்ணி விடுறேன்."

தையல்காரம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். இடுப்பில் பெரிய பித்தளைக் குடம்.

"யாரு, நம்ம முக்காலா? நான் தூக்கத்துல இருக்கேனா, எனக்குக் கண்ணு தெரியலையா?" என்று சுற்றி நின்றவர்களைப் பார்த்துக் கேட்டாள். "என் டிரம்முல ஒரு பக்கெட்டு வழிஞ்சதுக்கு ஒன்பது நாள் அடைச்சான். இப்ப ஐயா ஆறே விடுறாரு காவாயில. யாராவது ஒரு வெள்ளைச் சீட்டு எடுத்துட்டு வாங்கப்பா, இவன் நெத்தியில ஒட்டுவோம்."

கூட்டம் சிரித்தது. அவனும் சிரித்திருப்பான், வேறு நாளாக இருந்தால்.

"அம்மா, உங்க குழியைப் பாருங்க. அதுல கிடக்கிறதுதான் குழாய்க்குள்ள போயிருக்கு."

"குழி கருப்பா இருக்கு. தண்ணி வெள்ளையா இருக்கு. எனக்கென்ன கண்ணு பொட்டையா?"

அவன் சட்டைப் பையிலிருந்து சின்னக் கண்ணாடிக் குப்பியை எடுத்தான். ஓடுகிற தண்ணீரைப் பிடித்து, சோதனைச் சொட்டு இரண்டு விட்டுக் குலுக்கி உயர்த்திக் காட்டினான். குப்பியில் நிறமே இல்லை.

"பாத்தீங்களா? மஞ்சளா மாறணும். மாறலை. கிருமியக் கொல்ற மருந்து இதுல மிச்சமே இல்லை. கெட்ட தண்ணி."

தையல்காரம்மா குப்பியைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"கேட்டுக்கங்க. மஞ்சளா இருந்தா நல்ல தண்ணியாம். தெளிவா இருந்தா கெட்ட தண்ணியாம். யாருக்குடா காது குத்துற? எனக்குக் குத்தி அம்பது வருஷம் ஆச்சு!"

அதோடு அவன் பேச்சு எடுபடவில்லை. அவள் குடத்தை வைத்தாள். அவளுக்குப் பின்னால் தெருவே வைத்தது. அவன் ஒரு குடத்தை நகர்த்தினால் இரண்டு குடம் வந்தது. கைபேசியில் இன்ஜினியரைக் கூப்பிட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. எண்ணுவது அவனுக்கு ரத்தத்தில் ஊறிய பழக்கம். கை குடங்களைத் தள்ளிக்கொண்டிருந்தபோதே வாய் எண்ணிக்கொண்டிருந்தது. முப்பத்தெட்டுக் குடம். ஐந்தே முக்கால் மணி. இன்னும் கால் மணியில் வீட்டுக்குள் இருப்பவர்களும் குழாயைத் திறப்பார்கள்.

அவன் கழிவு வால்வை விட்டுவிட்டு மேல்வால்வுக்கு ஓடினான். சாவியை இறக்கினான். இருபத்தேழு சுற்று. இந்த ஒரு முறை அவன் நிறுத்தவும் இல்லை, நூறு எண்ணவும் இல்லை. இருபத்தேழாவது சுற்றில் தெருக்கோடியில் தண்ணீர் மெலிந்து, நூலாகி, நின்றது.

தெருவே ஓலமிட்டது. பஞ்சம் முடிந்த முதல் நாள், நகரம் முழுக்கக் குழாய் பாடுகிற காலையில், கடைசித் தெருவில் மட்டும் குழாய் செத்துக் கிடந்தது. முக்கால் வால்வு மூடியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டான். சாவி மடியில்.

"எந்திரிடா."

"மாட்டேன்."

யாரோ அவன் சட்டையைப் பிடித்தார்கள். பித்தான் இரண்டு தெறித்தது. அப்போதுதான் அக்கா வந்தாள். வேலைக்குக் கிளம்பிய சேலையில், கையில் குடத்தோடு. அவளும் பிடித்திருந்தாள், மற்றவர்களைப் போலவே, அங்கே தடுத்து நிற்பது தம்பி என்று தெரியாமல், இருட்டில், தூக்கக் கலக்கத்தில்.

"குப்பிய எங்கிட்டக் காட்டு" என்றாள்.

காட்டினான்.

"நீ மூடுன்னு சொன்னா மூடணும், கொட்டுன்னா கொட்டணும். இருபத்திரண்டு வருஷத்துல நீ சொன்ன கணக்கு ஒண்ணு தப்பினதில்லை." கூட்டத்துக்கு முன்னால் குடத்தைச் சாய்த்தாள். தண்ணீர் மண்ணில் விழுந்து காவாயை நோக்கி ஓடியது. மூன்று வருடமாக யாரும் பார்க்காத காட்சி. எழவு வீட்டில் பெட்டி மூடுகிறபோது நிற்பதுபோல் நின்றார்கள்.

பிறகு எதிர்வீட்டுக்காரர் கொட்டினார். ஒருத்தி திட்டிக்கொண்டே கொட்டினாள். முக்கால் எண்ணினான். முப்பத்தேழு. தையல்காரம்மா மட்டும் குடத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டாள்.

"தம்பி சொன்னா அக்கா ஆடுவா. நான் எதுக்கு ஆடணும்? என் குடம், என் தண்ணி." கதவைச் சாத்திக்கொண்டாள்.

இன்ஜினியர் ஆறரைக்கு வந்தார். பின்னால் கேமரா, அதன் பின்னால் பெரிய அதிகாரியின் கார். ரிப்பன் கட்டிய குழாயைத் திருகிப் பார்த்தார்கள். அது ஏப்பம் விட்டது. இன்ஜினியர் முகம் வெளுத்துப்போய் முக்கால் பக்கத்தில் குந்தினார். குப்பியைப் பார்த்தார், குழிகளைப் பார்த்தார்.

"யார் மூடச் சொன்னாங்கன்னு கேப்பாங்க அண்ணே."

"யாரும் சொல்லல சார். நானா மூடினேன்னு எழுதித் தர்றேன்."

நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, முழங்காலில் வைத்து எழுதினான். தேதி, நேரம், வால்வு எண், சுற்று எண்ணிக்கை, கீழே கையெழுத்து. அத்தனை பேர் கத்திக்கொண்டிருக்கும்போதும் ஒரு எழுத்துகூடக் கோடு தாண்டவில்லை. இன்ஜினியர் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அதிகாரியிடம் போனார். ரிப்பன் வேறு தெருவுக்குப் போனது. பிறகு இன்ஜினியரே காவலுக்கு நிற்க, கழிவு வால்வில் முழுதாக ஒரு மணி நேரம் தண்ணீர் ஓடியது. மாதிரி எடுத்துச் சோதனைச் சாலைக்கு அனுப்பினார்கள். முடிவு மறுநாள் காலையில்தான் வரும். அதுவரை கடைசித் தெருவுக்குத் தண்ணீர் இல்லை. லாரி அனுப்புங்கள் என்று முக்கால் கேட்டான். தளர்வு வந்ததால் லாரிகள் எல்லாம் முந்தின நாளே போய்விட்டன. சாயங்காலம் வந்த ஒரே லாரியும் பாதிதான் நிறைந்திருந்தது.

சனிக்கிழமை முடிவு நல்லதாக வந்தது. குழாய்களை மேலே ஏற்றி, குழிகளில் மண் போட்ட பிறகுதான் அவன் வால்வைத் திறந்தான். முக்கால், நூறு, முக்கால், நூறு. தெரு அவனிடம் பேசவில்லை. திங்கட்கிழமை விசாரணைக்கு வரச் சொல்லி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. அதைப் பற்றி அவன் கவலைப்படவில்லை. முப்பத்தெட்டில் முப்பத்தேழு போனால் மிச்சம் ஒன்று. அந்த ஒன்றுதான் அவனைத் தூங்கவிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை சுற்றுக்கு வந்தபோது கடைசித் தெருவில் ஏதோ குறைந்தது. நாலு வீடு தள்ளி நின்று யோசித்த பிறகுதான் தெரிந்தது. தையல் மிஷின் சத்தம் இல்லை. தையல்காரம்மாவின் வீட்டுக்காரர் வாசலில் முகத்தைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"விடியக்காலையில ஆஸ்பத்திரியில சேத்திருக்கு" என்றார். "வயித்தால போகுது, நிக்கவே இல்லை."

"நீங்க குடிச்சீங்களா?"

"எனக்கு டீதான். கொதிக்கவெச்சதுதான் இறங்கும்."

உள்ளே போய்ப் பார்த்தான். பித்தளைக் குடத்தில் கையளவு மிச்சம் இருந்தது. கொட்டிவிட்டுக் குடத்தைக் கவிழ்த்து வைத்தான். நிம்மதி வரவில்லை. பெரிய குடம் அது. ஒரு ஆள் இரண்டு நாளில் அவ்வளவு குடிக்க முடியாது.

மருத்துவமனையில் தையல்காரம்மா சுவரோரக் கட்டிலில் கிடந்தாள். கையில் சலைன் குழாய். கன்னம் உள்ளே போயிருந்தது. அவனைப் பார்த்ததும் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு.

"வந்துட்டியா முக்காலு. சீட்டு ஒட்டவா?"

"எப்படி இருக்கீங்கம்மா?"

"பாத்தாத் தெரியலையா? ஓட்டைக் குடமா இருக்கேன்." உதட்டை நாக்கால் நனைத்துக்கொண்டாள். "குடத்துல இருந்தது…"

"கொட்டிட்டேன்மா."

"அதைச் சொல்லல." அவள் குரல் இறங்கியது. "அன்னிக்கு எல்லாம் உன் பேச்சைக் கேட்டுக் கொட்டிட்டு வெறுங்குடத்தோட நின்னுதுங்கடா. லாரித் தண்ணியும் பத்தலை. பாக்கப் பாவமா இருந்துச்சு. அஞ்சு வீட்டுக்கு ஆளுக்கு ஒரு சொம்பு குடுத்தேன். வேணாம்னவங்களையும் விடல. கைல திணிச்சேன்."

அவன் நோட்டைத் திறந்தான். பேனா மூடி கழன்று கட்டிலுக்கடியில் உருண்டது. "எந்தெந்த வீடும்மா?"

அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். எதிர்வீடு. முனையில் பூட்டு ரிப்பேர்க்காரர் வீடு. நர்ஸ் பொண்ணு வீடு. கைக்குழந்தைக்காரி வீடு. ஐந்தாவதைச் சொல்லாமல் அவன் முகத்தையே பார்த்தாள்.

"சொல்லுங்கம்மா."

"உங்க அக்கா வீடு. அவ வேலைக்குப் போயிருந்தா. உங்க மாமாகிட்டக் குடுத்தேன்."

அவன் மிதிவண்டியை எப்படி மிதித்தான் என்று அவனுக்கே தெரியாது. முதலில் இன்ஜினியருக்கு ஃபோன் போட்டு, ஐந்து வீட்டு அடையாளமும் சொல்லி, டாக்டர் ஒருவரோடு வரச் சொன்னான். பிறகு கைக்குழந்தைக்காரி வீட்டுக் கதவைத் தட்டினான். அவள் அந்தச் சொம்புத் தண்ணீரில் தரை துடைத்திருந்தாள். நோட்டில் அந்த வரியை அடித்தான். நர்ஸ் பொண்ணு காய்ச்சி வடிகட்டியிருந்தாள். எதிர்வீட்டுக்காரருக்குக் காலையிலிருந்து வயிறு சரியில்லை. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்திருந்தார். பூட்டு ரிப்பேர்க்காரர் வீடு பூட்டிக் கிடந்தது. எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. நோட்டில் அந்த வரிக்கு எதிரே ஒரு கேள்விக்குறி போட்டான்.

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவளுக்கு விடுமுறை.

"என்னடா இப்படி வேர்த்துக் கொட்டுது? உக்காரு. திங்கக்கிழமை விசாரணைக்கு நானும் வர்றேன். என் தம்பி என்ன தப்புப் பண்ணான்னு நேருக்கு நேர் கேக்கிறேன், இரு…"

"மாமா எங்கக்கா?"

"உள்ள. காலையிலேர்ந்து அசதியா இருக்குன்னு படுத்திருக்கார். ரெண்டு மூணு தடவை பின்னால போயிட்டு வந்தார். ஏன்?"

"தையலம்மா வெள்ளிக்கிழமை ஒரு சொம்பு தண்ணி குடுத்தாங்களா?"

அக்காவின் கையிலிருந்த துணி அப்படியே நின்றது. "எங்கிட்ட யாரும் சொல்லலையே" என்றாள். பிறகு எழுந்தாள்.

அறையில் ஜன்னல் சாத்தியிருந்தது. மாமா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். வாடையே எல்லாவற்றையும் சொன்னது. முக்கால் அவர் கையைத் தொட்டான். குளிர்ந்து, தோல் தளர்ந்து கிடந்தது. இரண்டு விரலால் தோலைக் கிள்ளி விட்டான். அது கிள்ளியபடியே நின்றது.

"மாமா."

தோளைப் பிடித்து அசைத்தான்.

"மாமா, என்னைப் பாருங்க."

அவர் கண்ணைத் திறக்க வெகு நேரம் ஆனது. கண் குழிக்குள் போயிருந்தது. அவனைக் கண்டுபிடித்து, சிரிக்கப் பார்த்தார்.

"மாப்ள, உன் அக்காகிட்டச் சொல்லிடாத. நல்லாத்தாண்டா இருந்துச்சு. தெளிஞ்ச தண்ணி." நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "கொஞ்சம் குடிக்கக் குடேன். தொண்டை காயுது."

வாசலில் நின்றிருந்த அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். அவள் அழவில்லை. மாமாவின் கால் பக்கம் போய் நின்று, "நீ தலைப் பக்கம் பிடி" என்றாள்.

இருவரும் அவரை வாசலுக்குத் தூக்கி வந்தார்கள். தெரு முழுக்க வெயிலும் தண்ணீருமாக இருந்தது. தளர்வுக்குப் பின் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. மூன்று வீடு தள்ளி வாடகைக் கார் ஓட்டுகிறவர் ரப்பர் குழாயைப் பிடித்துத் தன் காரைக் கழுவிக்கொண்டிருந்தார். விரலால் முனையை அடைத்து விசிறி மாதிரி பீய்ச்சினார். பிள்ளைகள் அதன் குறுக்கே ஓடிக் கத்தின.

"வண்டியை எடுப்பா!" என்று முக்கால் கூப்பிட்டான்.

"சோப்புப் போட்டாச்சுண்ணே, அலசிட்டு வர்றேன். மூணு வருஷ அழுக்கு!" என்று சிரித்துக்கொண்டே திரும்பியவர் மாமாவின் தலை தொங்குவதைப் பார்த்தார். ரப்பர் குழாயைப் போட்டுவிட்டு ஓடிவந்து பின்கதவைத் திறந்தார்.

அக்கா முதலில் ஏறி மாமாவின் தலையை மடியில் வாங்கிக்கொண்டாள். முக்கால் கால்களைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு முன்னால் ஏறிக்கொண்டான். நுரையோடு கார் கிளம்பியது. கீழே கிடந்த ரப்பர் குழாய் தானாக நெளிந்து, தண்ணீரைத் தெருவில் கொட்டிக்கொண்டே இருந்தது. முக்கால் அதைத் திரும்பிப் பார்த்தான். இறங்கி மூட நேரமில்லை.

தெருமுனையில் பூட்டு ரிப்பேர்க்காரர் வீட்டைக் கடக்கும்போது, கதவில் இன்னும் பூட்டுத் தொங்கியது.